அச்சிப்பூர் கோயிலும் தை அமாவாசையும்

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றை ஒட்டித் தெற்கே போனால், பட்ஜ் பட்ஜ் ஊரைத் தாண்டி, ஏறக்குறைய 33 கிலோமீட்டர் தொலைவில் அச்சிப்பூர் என்று ஒரு சிற்றூர் வரும். அங்கே ஆற்றங்கரையில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு கல்லறை இருக்கிறது. குதிரை லாடத்தின் வடிவில் அரைவட்டமாக வளைந்திருக்கும். இதே வடிவக் கல்லறைகளைத் தென் சீனாவின் மலைச்சரிவுகளில் நிறையப் பார்க்கலாம். சற்றுத் தொலைவில் ஒரு சின்னக் கோயில். நிலத்தைக் காக்கும் சீனத் தெய்வங்கள் இருவர், ஆணும் பெண்ணுமாக, அங்கே குடியிருக்கிறார்கள். சுற்றுவட்டார வங்காள மக்கள் அவர்களைக் குதா, குதி என்று அழைக்கிறார்கள்.

பிள்ளைகளே, வங்காளத்துக் கிராமம் ஒன்றில் சீனக் கோயில் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு அந்தக் கோயிலுக்கு மேலே உள்ள வானத்துக்குப் போவோம். நம்முடைய பாடம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கல்லறை டோங் அச்சூ என்ற தேயிலை வணிகருடையது. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1770-களின் கடைசியில், அவருக்கு இங்கே நிலம் கிடைத்தது. 650 பிகா நிலம், ஆண்டு வாடகை 45 ரூபாய். நம் கணக்கில் சுமார் 215 ஏக்கர். அதில் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை ஒன்றும் கட்டினார். வேலைக்குச் சீனாவிலிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தார். 1783-க்குள் அவர் இறந்துவிட, ஆலையும் நிலைக்கவில்லை. வேலையாட்கள் கொல்கத்தாவுக்குப் போய்த் தச்சு வேலை, கப்பல் வேலை என்று கிடைத்ததைச் செய்து பிழைத்தார்கள். அச்சூவின் பெயர் மட்டும் ஊருக்கு நிலைத்துவிட்டது.

சர்க்கரையைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. கி.பி. 647-இல் சீனாவின் தாங் வம்சப் பேரரசர் தைசோங், கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்கு, அதாவது இன்றைய பீகார் பக்கம், ஆட்களை அனுப்பினார். சீன அரச வரலாற்று நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. நம் நாட்டிலிருந்து கற்றுப் போன தொழிலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, ஒரு சீன வணிகர் அதே கங்கைச் சமவெளியின் கடைக்கோடிக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

இப்போது வானத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில், கொல்கத்தாவில் வாழும் சீனக் குடும்பங்கள் பேருந்துகளிலும் கார்களிலும் அச்சிப்பூருக்கு வருகின்றன. சிவப்பு மெழுகுவத்தி ஏற்றி, ஊதுபத்தி கொளுத்தி, பழமும் சமைத்த உணவும் படைத்து, முதல் முன்னோருக்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தப் புத்தாண்டு ஒரே தேதியில் வருவதில்லை. 2024-இல் பிப்ரவரி 10. 2025-இல் ஜனவரி 29. 2026-இல் பிப்ரவரி 17. முதலில் 12 நாள் முன்னால் வந்து, அடுத்த ஆண்டே 19 நாள் பின்னால் போகிறது. ஏன் இப்படி?

காரணம் நிலா. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். இப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்த்தால் 354 நாள் வரும். பூமி சூரியனைச் சுற்றி முடிக்கவோ 365 நாளும் கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஆகிறது. ஆக, நிலாவை மட்டும் நம்பி எண்ணினால் ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. உங்கள் வகுப்பில் ரம்ஜான் கொண்டாடும் நண்பர்களைக் கேளுங்கள். இஸ்லாமிய நாட்காட்டி நிலாவை மட்டுமே பின்பற்றுவதால், ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். சில ஆண்டு கோடையில் வரும், சில ஆண்டு மழைக்காலத்தில் வரும்.

சீன உழவர்களுக்கோ விதைப்புக் காலமும் தெரிய வேண்டும், நிலாவும் வேண்டும். அதற்காக 11 நாள் குறைவு சேர்ந்து ஒரு மாதமாகும்போது, பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தை நுழைத்துவிடுகிறார்கள். 2025-இல் சீனர்களின் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. அடுத்த புத்தாண்டு பிப்ரவரி 17-க்குத் தள்ளிப்போனது அதனால்தான். தெலுங்கு பேசும் வீடுகளில் யுகாதிக்கும் இதே ஏற்பாடு உண்டு. அந்தக் கூடுதல் மாதத்தை அதிக மாசம் என்பார்கள்.

எத்தனை ஆண்டுக்கு எத்தனை கூடுதல் மாதம் தேவை? நீங்களே பெருக்கிப் பாருங்கள். 19 ஆண்டுகளை 365.2422 ஆல் பெருக்கினால் 6939.60 நாள். 19 ஆண்டுகளில் 12 மாதமாக 228 மாதம். அதோடு 7 கூடுதல் மாதம் சேர்த்து 235 மாதம். இதை 29.5306 ஆல் பெருக்கினால் 6939.69 நாள். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம்! சீனர்களும் பாபிலோனியர்களும் கிரேக்கர்களும் இந்த 19 ஆண்டுக் கணக்கைத் தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே அறிந்திருந்தார்கள். மனிதர்கள் கண்டுபிடித்தவற்றில் மிக அழகான கணக்குகளில் இதுவும் ஒன்று என்பேன்.

எந்த அமாவாசையில் புத்தாண்டு என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் தெற்கே கடைசி எல்லை வரை போய்த் திரும்புகிறது. நமக்கு ஆண்டின் மிகக் குறுகிய பகல் அன்றுதான். அந்த நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது அமாவாசை சீனர்களின் புத்தாண்டு. மிக அரிதாகத்தான் மூன்றாவது அமாவாசைக்குப் போகும்.

அப்படியென்றால் சூரியன் திரும்பும் நாளைத் துல்லியமாகக் கண்டுபிடித்தாக வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? நிழலை அளந்துதான். ஆண்டிலேயே மிக நீளமான நண்பகல் நிழல் அன்று விழும். சீனாவின் ஹெனான் மாநிலத்தில் தெங்ஃபெங் என்ற ஊரில், குவோ ஷோவ்ஜிங் என்ற வானியலாளர் 1276-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்காகவே ஒரு செங்கல் கோபுரம் எழுப்பினார். கோபுரத்தின் உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம். கீழே தரையில் வடக்கு நோக்கி 31 மீட்டர் நீளத்துக்குக் கல்லால் ஆன அளவுகோல். சட்டத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று நாள்தோறும் குறித்தார்கள். அப்படி அளந்து, ஓர் ஆண்டுக்கு 365.2425 நாள் என்ற கணக்கின் மேல் அமைத்த நாட்காட்டி 1281-இல் நடைமுறைக்கு வந்தது. உண்மையான ஆண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் 26 விநாடி. ஐரோப்பாவில் இதே எண்ணை வைத்து கிரிகோரியன் நாட்காட்டி வந்தது 1582-இல். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்த நாட்காட்டிதான்.

இனி நம்ம ஊருக்கு வாருங்கள். அம்பத்தூரிலோ ஆவடியிலோ இருப்பவர்களுக்குத் தை அமாவாசைக்கு முந்தைய நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். திருவள்ளூர் போகும் மின்சார ரயில்களில் கால் வைக்க இடம் இருக்காது. பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் கிளம்புவார்கள். எல்லாருமே வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள். முந்தைய இரவே போய்த் தங்கி, குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள்.

அந்த அமாவாசையின் தேதிகளை இப்போது அச்சிப்பூர்க்காரர்களின் புத்தாண்டோடு சேர்த்து எழுதிப் பார்ப்போம். 2023-இல் தை அமாவாசை ஜனவரி 21. சீனப் புத்தாண்டு ஜனவரி 22. 2024-இல் தை அமாவாசை பிப்ரவரி 9. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10. 2025-இல் இரண்டும் ஒரே நாள், ஜனவரி 29. நாம் முன்னோரை நினைக்கும் அமாவாசையும், கொல்கத்தாவின் சீன வீடுகளில் சிவப்பு விளக்குத் தொங்கவிடும் அமாவாசையும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றேதான்.

சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக இருக்கிறதே? நிலா, சூரியன் இருக்கும் திசைக்கு நேராக வரும் ஒரு நொடி இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் அமாவாசைத் திதி அந்த நொடியில் முடிகிறது. சீனர்களுக்கோ அந்த நொடி எந்த நாளில் விழுகிறதோ அந்த நாள் முழுவதும் மாதப் பிறப்பு. பெய்ஜிங் கடிகாரம் வேறு நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 2024-இல் அந்த நொடி நமக்குப் பிப்ரவரி 10 விடியற்காலை நாலரை மணிக்கு வந்தது. அதனால் நாம் முந்தைய பகலிலேயே அமாவாசையை முடித்திருந்தோம். அவர்களுக்குப் புத்தாண்டு அப்போதுதான் பிறந்தது.

2018-லும் 2026-லும் கதை வேறு. 2026-இல் தை அமாவாசை ஜனவரி 18. சீனப் புத்தாண்டோ பிப்ரவரி 17. ஒரு மாதம் முழுக்க இடைவெளி. இது ஏன் என்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சீனர்கள் சூரியன் திரும்பும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அவர்களுடைய புத்தாண்டு அமாவாசை ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில்தான் விழ முடியும். நாமோ சூரியன் எந்த விண்மீன் கூட்டத்துக்கு எதிரே நிற்கிறது என்று பார்த்து மாதம் பிரிக்கிறோம். மகர ராசியில் சூரியன் நுழைந்தால் தை. இப்போது அது ஜனவரி 14 அல்லது 15-இல் தொடங்கி, பிப்ரவரி 12 வாக்கில் முடிகிறது. ஜனவரி 21-லிருந்து பிப்ரவரி 12 வரை ஓர் அமாவாசை வந்தால், இரு சாராருக்கும் அது பொது. ஜனவரி 15-லிருந்து 20-க்குள் வந்துவிட்டால், நமக்கு அது தை அமாவாசை, சீனர்களுக்குப் பழைய ஆண்டின் கடைசி மாதம்தான் பிறந்திருக்கும். அவர்கள் அடுத்த அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டும்.

பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் சூரியன் 24 நாள் முன்னாலேயே, டிசம்பரிலேயே, திரும்பிவிடுகிறது. பாட்டி சொன்னது தப்பா? இல்லை. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. பிறகு பிரிந்துவிட்டன. பம்பரம் சுற்றும்போது அதன் தலை மெல்ல வட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? பூமியின் அச்சும் அப்படி வட்டம் போடுகிறது. ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு! அதனால் விண்மீன்களை வைத்து எண்ணும் ஆண்டு, நிழலை வைத்து எண்ணும் ஆண்டிலிருந்து ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிப் போகிறது. 24 நாள் விலகல் என்பது 1700 ஆண்டுக் கணக்கு. பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் சுமந்துகொண்டு அந்நிய ஊருக்கு வந்தவர்களைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சூவின் ஆட்களுக்குப் பிறகு, அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில், பெரும்பாலும் குவாங்டோங் பக்கத்திலிருந்து, நிறையச் சீனர்கள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். தச்சர்கள், தோல் பதனிடுவோர், காலணி செய்வோர், பல் மருத்துவர்கள். சென்னையிலும் சீன வம்சாவளிப் பல் மருத்துவர் குடும்பங்கள் உண்டு. கொல்கத்தாவின் டிரெட்டி பஜார் தெருக்களில் அவர்கள் கட்டிய கோயில்கள் இன்றும் இருக்கின்றன. 1905-இல் கட்டிய சீ இப் கோயில் அவற்றில் ஒன்று. மும்பையிலும் மஜ்காவ் பகுதியில் 1919-இல் எழுந்த ஒரு சீனக் கோயில் இருக்கிறது.

1962-இல் இந்திய சீனப் போர் மூண்டது. எல்லையில் நடந்த சண்டைக்கும் இந்தக் குடும்பங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படியிருந்தும் சுமார் 3000 பேரை, குழந்தைகளும் முதியவர்களுமாக, ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமில் அடைத்து வைத்தார்கள். சிலர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இந்தியாவிலேயே பிறந்து வங்காள மொழியும் இந்தியும் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு நேர்ந்த பெரிய அநியாயம் அது. அதன் பிறகு பலர் நாட்டை விட்டே போனார்கள். ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் வாழ்ந்த கொல்கத்தாவில் இன்று சில ஆயிரம் சீனர்கள்தான் இருக்கிறார்கள். கனடாவின் டொரோண்டோவில் குடியேறியவர்கள்கூடப் புத்தாண்டு நாட்களில் ஊர் திரும்பி, அச்சிப்பூர் வரை வந்து கும்பிட்டுவிட்டுப் போவதுண்டு.

நம்மவர்களும் அந்நிய மண்ணில் கோயில் கட்டியிருக்கிறார்கள். அதுவும் சீனாவிலேயே! தென்கிழக்குச் சீனத் துறைமுகமான சுவான்சோவில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் எழுப்பினார்கள். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு 1956-இல் அங்கே கிடைத்தது. கடைசி வரியில் சீன எழுத்துகளும் இருக்கின்றன. கல்வெட்டின் காலம் சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது கி.பி. 1281. குவோ ஷோவ்ஜிங்கின் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். சித்திரை மாதத்தில் சூரியன் மேஷ ராசியில் இருக்கும். சித்திரை விண்மீன் வானத்தில் அதற்கு ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. நிலா சித்திரை விண்மீனுக்கு அருகில் இருந்தது என்றால், சூரியனுக்கு எதிரே இருந்தது என்று பொருள். சூரியனுக்கு எதிரே வரும் நிலா முழுநிலா! ஆகவே கல்லில் தேதி பொறித்த அந்த நாள் முழுநிலாவை ஒட்டிய நாள் என்று, 740 ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, ஆவடியில் உட்கார்ந்துகொண்டே நம்மால் சொல்ல முடிகிறது. சீன நாட்டில், சீனப் பேரரசரின் ஆட்சியில் வாழ்ந்தும், அந்த வணிகர்கள் தேதி எழுதியது நம் ஊர் முறையில்தான். அச்சிப்பூருக்கு வருகிறவர்கள் ஹூக்ளிக் கரையில் பெய்ஜிங் அமாவாசையைக் கணக்கிடுவதும் அதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். வீடு, வயல், தெரு எதையும் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாது. நாட்காட்டியைக் கொண்டு போகலாம்.

உங்களுக்கு இரண்டு வேலை தருகிறேன்.

முதல் வேலை, நிழல் அளப்பது. டிசம்பர் 21 அன்று மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ சமதரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல. அன்று சுமார் 12 மணி 7 நிமிடத்துக்கு. அந்த நேரத்தில் நிழலின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் வர வேண்டும். அதே நாளில், அவரவர் ஊர் உச்சிப்பொழுதில், அச்சிப்பூரில் 103 சென்டிமீட்டர் வரும்; குச்சியும் நிழலும் கிட்டத்தட்டச் சமம். பெய்ஜிங்கில் இரண்டு மீட்டர். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம். நமக்கு வேண்டியது நிழல்தான். டிசம்பர் முதல் தேதியிலிருந்தே வாரம் இரண்டு முறை அளந்து, ஜனவரி நடுப்பகுதி வரை தொடர்ந்தால், நிழல் நீண்டு பிறகு குறையத் தொடங்கும் நாளை நீங்களே பிடித்துவிடலாம்.

இரண்டாவது வேலை, 2027 பிப்ரவரி 6-ஐக் குறித்து வைப்பது. அன்று தை அமாவாசை, சீனப் புத்தாண்டும் அன்றுதான். நிலா சூரியனோடு சேரும் நொடி நமக்கு இரவு 9 மணி 26 நிமிடத்துக்கு வருகிறது. பெய்ஜிங்கில் அப்போது நள்ளிரவுக்கு நான்கே நிமிடம் பாக்கி. ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் புத்தாண்டு பிப்ரவரி 7-க்குப் போயிருக்கும். அமாவாசை கழிந்து ஓரிரு நாளில், மாலை ஆறரை மணிக்கு மேல், ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையிலோ அம்பத்தூர் ஏரிக்கரையிலோ பெரியவர்களோடு நின்று மேற்கே பாருங்கள். கீற்று நிலா எந்த நாளில் முதலில் தெரிந்தது என்று தேதியும் நேரமும் போட்டு, உங்கள் நிழல் அளவுகளோடு சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.